ஒமேரின் மருத்துவ விடுப்பு

ஒமேர் வான்ஹூக்கே நோயாளியாக இருக்கும்வரை எனக்கு வேலை உண்டு. என் ஒப்பந்தத்தின் இரண்டாவது பத்தியில் அவருடைய பெயர் இருந்தது. அவர் திரும்பி வரும் நாளில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். கையெழுத்துப் போட்ட அன்று அதைப் படித்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் உடம்பு தேறிவிடக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு முதுகுவலி. அலுவலகத்தில் அதை யாரும் நம்பவில்லை, நம்பாததற்காக யாரும் அவர்மேல் கோபப்படவும் இல்லை. நிரந்தர ஊழியருக்கு வருஷத்துக்கு இருபத்தொரு நாள் மருத்துவ விடுப்பு. எடுக்காத நாள் வீணாகாது, அடுத்த வருஷத்தோடு சேர்ந்துகொள்ளும். முப்பத்தைந்து வருஷம் இருமலோடும் காய்ச்சலோடும் வேலைக்கு வந்து நாள் சேர்ப்பார்கள். ஓய்வுக்கு ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை எங்காவது பிடித்துக்கொள்ளும். முதுகு, முட்டி, மனச்சோர்வு. அதோடு வீட்டில் இருந்துவிடுவார்கள். தான் உண்டியலில் போட்டதைத் தான் எடுப்பவனை யார் திட்டுவார்கள்?

எதிர் மேஜை கிறிஸ்தெலிடம் நானூற்றி இரண்டு நாள் இருந்தது. போன குளிர்காலம் முழுக்க மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்து எங்கள் எல்லோருக்கும் சளியைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போங்களேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, நான் அவளுடைய பையில் கைவிட்டதைப் போலப் பார்த்தாள். நான் கான்ட்ராக்ட். எனக்கு நோய் வந்தால் அது நோய் மட்டும்தான், சேமிப்பு கிடையாது.

எங்களுடையது நில அளவைப் பதிவு அலுவலகம். யாராவது தோட்டத்தில் பாதியை விற்றால் வரைபடத்தில் புதுக் கோடு போடுவது என் வேலை. ஒமேரின் வேலை. அதை அவரைவிட வேகமாகச் செய்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வேகமாகச் செய்வதில் ஒரு பெருமையும் இல்லை என்கிற தொனியில் சொன்னார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது மார்ச் மாதம். மார்ச்சில் நிரந்தரப் பணிக்கான தேர்வு. அன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் மட்டும்தான் எழுதலாம். ஒமேருக்கு மே மாதம் ஓய்வு. அதுவரை அவர் படுத்திருந்தால் நான் தேர்வு எழுதிவிடுவேன். பதினொரு வருஷமாக எட்டு அலுவலகத்தில் யார் யாருக்கோ பதிலாக உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைப்பேறு, கால் முறிவு, ஒருமுறை சிறைவாசம். முப்பத்தொன்பது வயதில் என் பெயரில் ஒரு நாற்காலி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நாற்காலிக்காரர்களை மனசுக்குள் வைதுகொண்டேதான் ஆசைப்பட்டேன்.

நவம்பர் இரண்டாவது வாரம் கிறிஸ்தெல் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாருன்னு சொல்லு பாப்போம். நம்ம ஒமேர்."

"என்னவாம்?"

"எத்தனை நாள் பாக்கி இருக்குன்னு கேட்டார். பாத்துச் சொன்னேன். அப்புறம் அவர் நாற்காலியப் பத்திக் கேட்டார்."

"நாற்காலியப் பத்தி என்ன?"

"அதே நாற்காலிதான் இருக்கா, அந்தப் பொண்ணு அதுலதான் உக்காந்திருக்காளான்னு." கிறிஸ்தெல் காபியில் பிஸ்கட்டை முக்கினாள். "அந்த ஆளுக்கு வீட்ல பொழுது போகல, எழுதி வச்சுக்கோ. ஜோர்ஜெட்டும் பாவம். சாயந்திரம் மட்டும் பாத்த புருஷனைப் பகல் பூரா பாருன்னா எந்தப் பொம்பளைக்குத் தாங்கும்? அவளே சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பிடுவா பாரு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவள் சாப்பிடப் போனதும் ஒமேரின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பதினாலு மாதமும் மாதாமாதம் மெடிக்கல் சர்டிபிகேட், ஒவ்வொன்றும் முழு மாதத்துக்கு. கடைசியாக வந்தது மட்டும் பத்து நாளுக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அன்றிலிருந்து ஒமேர் என் தலைக்குள் நடமாட ஆரம்பித்தார். திட்டம் போட்டுத்தான் செய்கிறார் என்று தோன்றியது. என்னைத் தேர்வு எழுத விடக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கிறிஸ்தெலின் அக்கா மகள் இன்னொரு பிரிவில் கான்ட்ராக்டில் இருக்கிறாள், அவளும் மார்ச்சில் எழுதுகிறாள். அப்படியானால் போன் செய்தது ஒமேரா, கிறிஸ்தெலா? எங்கள் பிரிவுத் தலைவர் லாம்ப்ரெக்ட் இரண்டு நாளாக என்னிடம் குட்மார்னிங் சொல்லவில்லை. அவர் யாரிடமும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கணக்கில் சேர்த்தேன்.

நோயில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகம் ஒரு பழக்கூடை கொடுக்கும். வியாழக்கிழமை காபி நேரத்தில் லாம்ப்ரெக்ட் அந்தப் பேச்சை எடுத்தார். கடையிலிருந்தே அனுப்பச் சொல்லிவிடலாம், எப்போதும்போல, என்றாள் கிறிஸ்தெல்.

"நானே கொண்டு போறேன்," என்றேன்.

கிறிஸ்தெல் கரண்டியைத் தட்டில் வைத்தாள். நாளைச் செலவழித்துக்கொண்டிருப்பவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அது எங்கும் எழுதியில்லை. இழவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எட்டு அலுவலகம் பார்த்த எனக்கு அது தெரியாமல் இல்லை.

"எதுக்குடி உனக்கு இந்த வேலை?" என்றாள் கிறிஸ்தெல்.

"நாளைக்கு மதியம் ஆபீஸ் மூடிருமே. சைக்கிள்ல ஒரு ரவுண்டு போன மாதிரி இருக்கும்."

லாம்ப்ரெக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போயிட்டு வா. எப்படி இருக்கார்னு பாத்துட்டு வா."

நல்ல வார்த்தைதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வெறும் நல்ல வார்த்தை என்று ஒன்று கிடையாது. பாத்துட்டு வா என்றால் என்ன? வந்து சொல் என்றா? சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒமேரின் கிராமம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். மூடுபனி. வீடு சரிதானா என்று பார்க்க வாசலில் நின்று போனைக் கையில் எடுத்தேன். அப்போது சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் புறாக்கூண்டு, அதன்மேல் சாய்த்த ஏணி, ஏணியின் மேல்படியில் நீலச்சட்டை போட்ட வாட்டசாட்டமான ஒரு மனிதர். வாயில் நாலு ஆணி. ஒரு காலைக் கூரைமேல் வைத்து உடம்பை அந்தப் பக்கமாகச் சாய்த்துத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு வளைந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் திரும்பினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் பிறகு பல நாள் என்னையே விசாரித்துக்கொண்டேன்.

பின்வாசல் திறந்தது. "யாரும்மா?" என்றாள் ஒரு பெண், ஜோர்ஜெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

"என் பேரு வேர்லே. நில அளவை ஆபீஸ்ல இருந்து."

அவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். "ஒமேர்," என்று மேலே பார்த்துச் சொன்னாள், "உன் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க."

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டார். பாதி ஏணி வரைக்கும் சாதாரணமாக இறங்கினார். பிறகு ஞாபகம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

சமையலறையில் உட்கார வைத்தார்கள். ஜோர்ஜெட் காபி வைத்தாள். அதோடு ஒரு பிஸ்கட்கூட வைக்கவில்லை. வந்தவர் வேண்டாதவர் என்று காட்ட எங்கள் பக்கத்தில் ஒரு வீடு அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

"யாரு அனுப்பினா?" என்றார் ஒமேர்.

"யாரும் அனுப்பல சார். நானாத்தான் வந்தேன்."

"முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவங்க யாரும் வரல. என் மூஞ்சியே பாக்காத நீ பழத்தோட வந்திருக்க."

"உடம்பு எப்படி இருக்குன்னு..."

"டாக்டர் ஏணில ஏறச் சொல்லியிருக்கார். முதுகுக்கு நல்லதாம்."

ஜோர்ஜெட் சிரிக்கவில்லை. குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அதப் பத்தி ஒண்ணும் இல்ல சார். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது மிரட்டல் மாதிரி இருப்பது எனக்கே உறைத்தது.

ஜோர்ஜெட் திரும்பினாள். "சொல்லாம இருக்க என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. அவர் இப்படியே இருந்தாப் போதும். மார்ச் வரைக்குமாவது."

"மார்ச்ல என்ன?" என்றார் ஒமேர்.

"எனக்குத் தேர்வு இருக்கு. நிரந்தரத்துக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களுக்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

"என் இடத்துக்கு," என்றார் அவர் மெதுவாக. "என்னை டிஸ்மிஸ் பண்ணினா மே வரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம் இல்ல?"

"ஐயோ, அப்படி இல்ல சார்."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல. போன்ல வழி பாத்தேன்."

"இந்த ஊருக்கு ஒரே ரோடு."

நான் போனைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், இந்தக் காலத்துப் போனில் எதை எங்கே ஒளிப்பீர்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும் என்றாள் ஜோர்ஜெட். நேராகவே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்: திங்கட்கிழமை வரப்போகிறீர்களா, ஏன் பத்து நாள் சர்டிபிகேட், என் நாற்காலியைப் பற்றி ஏன் விசாரித்தீர்கள். ஆனால் அவருடைய ஃபைலை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் இருந்ததும் மிரட்டலாகத்தான் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது ஒமேர் வாசல்வரை வந்தார். "லாம்ப்ரெக்ட்கிட்ட சொல்லு," என்றார், "பழத்துக்கு நன்றின்னு." பெயரை அழுத்திச் சொன்னார்.

சாயங்காலம் லாம்ப்ரெக்டே போன் செய்தார். கூடை போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தானாம்.

"எப்படி இருக்கார்?"

"படுத்திருந்தார் சார். நிமிரவே முடியல."

"அப்படியா," என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "பாவம்," என்றார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதனைக் காப்பாற்றியிருக்கிறேன். அவருக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். சனிக்கிழமை தேர்வுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கமும் ஓடவில்லை. அவர் வாசலில் சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அலுவலகத்துக்குள் போனேன். ஒமேர் உட்கார்ந்திருந்தார். டை கட்டியிருந்தார். என் பேனாக் குவளையையும் துணிப்பையையும் ஜன்னல் விளிம்பில் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார். கிறிஸ்தெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று வேடிக்கை பார்த்தாள்.

லாம்ப்ரெக்ட் வந்து அவருக்குக் கை கொடுத்தார். "ஒமேர். எதிர்பார்க்கவே இல்ல."

"டாக்டர் சரியாயிடுச்சுன்னுட்டார்."

லாம்ப்ரெக்ட் என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை நிமிரவே முடியலன்னு சொன்னியே. படுத்திருக்கார்னு."

நான் ஒமேரின் முகத்தைத்தான் பார்த்தேன். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. லாம்ப்ரெக்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து நடிக்கிறோமா என்று இன்னொருமுறை சந்தேகப்பட்டுப் பார்த்தார் போலும். பிறகு, "வெள்ளிக்கிழமை ரொம்ப மோசமாத்தான் இருந்தது," என்றார்.

"அதிசயம்தான்," என்றார் லாம்ப்ரெக்ட். போகிறபோக்கில் என்னிடம், "பதினோரு மணிக்கு வா, கையெழுத்து இருக்கு," என்றார். பொய் சொன்னவளிடம் பேசும் குரல் அது. முப்பத்தாறு வருஷம் கூட வேலை பார்த்துவிட்டு முதுகுவலி என்று சொல்பவரிடம் அவருக்கு அந்தக் குரல் வராது.

பழைய வரைபடங்கள் இருக்கும் அறைக்கு ஒமேர் என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"நீ சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்த?"

"நீங்க திரும்பி வந்துடுவீங்களோன்னு பாக்க."

"நான் எதுக்கு வரணும்?" உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"பத்து நாளுக்குத்தான் சர்டிபிகேட் அனுப்பியிருந்தீங்க."

"எங்க டாக்டர் ஸ்பெயினுக்கு லீவுல போறார். இன்னொரு டாக்டர்கிட்ட வாங்கிக்கச் சொன்னார். அது வரைக்கும் குடுத்தது."

"நாள் எவ்வளவு பாக்கின்னு கேட்டீங்க."

"மே வரைக்கும் வருமான்னு பாக்க வேண்டாமா?"

"நாற்காலி?"

"அதுல ஜோர்ஜெட் பின்னின ஒரு குஷன் இருந்தது. யாராவது அனுப்பி வைப்பாங்களான்னு கேட்டேன்."

அந்தக் குஷனை நான் வந்த முதல் வாரமே தூக்கிப் போட்டுவிட்டேன். அதைச் சொல்லவில்லை.

அவர் அலமாரியில் சாய்ந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை பூரா ஜோர்ஜெட் அழுதா. பென்ஷனும் போயிடும், பேரும் போயிடும், போயி உக்காருன்னா. டிஸ்மிஸ் பண்ண வர்றவனால நான் நாற்காலில இருந்தா என்ன பண்ண முடியும்?" பிறகு குரலை இறக்கினார். "சரி விடு. நாளைக்கே மறுபடி பிடிச்சுக்கிட்டா? நீ உன் இடத்துல உக்காந்துக்கோ."

"நீங்க எட்டு மணிக்கு உக்காந்தப்பவே என் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. புதுசா கான்ட்ராக்ட் போட இந்த வருஷம் ஜனவரியிலேர்ந்து தடை."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒப்பந்தம் எப்படி முடியும் என்று அவர் ஒருநாளும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில்லை.

"அன்னைக்கே நேரா சொல்லியிருக்கலாமே, பொண்ணே."

"சொன்னேனே. இப்படியே இருங்கன்னு சொன்னேன்."

"வாயால சொன்ன." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "நான் ஏணி மேலேருந்து உன் முகத்தப் பாத்தேன். நீ கூடையோட வாசல்ல நின்னப்ப. மாட்டிக்கிட்டான்னு சிரிச்ச. அதப் பாத்துட்டு நீ என்ன சொன்னாலும் நான் எப்படி நம்பறது?"

நான் சிரிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முதுகு வளைந்து நிமிர்ந்தபோது எனக்குள் ஏதோ துள்ளியது நிஜம். பதினாலு மாதமாக அவர் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், அவர் நோயாளி இல்லை என்று கண்ணால் கண்டதும் சந்தோஷப்பட்டேன். என் வேலை, தேர்வு, மார்ச் எதுவும் அந்த நொடியில் ஞாபகத்தில் இல்லை. பிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது. அதற்காகவே சைக்கிளை எடுத்திருப்பேனோ என்னவோ.

பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒமேருக்குப் புது மென்பொருள் தெரியவில்லை, கோடு போட்டால் பக்கத்து நிலம் அழிந்துபோனது. நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன், மதியம்வரை. யாரும் கேட்காமல் சொல்லிக்கொடுத்தேன். கிறிஸ்தெல் பேக்கரியிலிருந்து தயிர்க்கேக் வாங்கி வந்து ஆளுக்கொன்று வைத்தாள். அது எனக்காகவா ஒமேருக்காகவா என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அவளே போன் செய்தாள். ஒமேருக்கு மறுபடி முதுகு பிடித்துக்கொண்டதாம். புது டாக்டர், முழு மாதம். நாற்காலி காலியாக இருக்கிறது, மனுக்கள் குவிகின்றன, லாம்ப்ரெக்ட் அவற்றை அவள் தலையில் கட்டுகிறார். அவளுக்கும் கழுத்து ஒருமாதிரி வலிக்க ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இப்போது எடுத்தால் கணக்கு குறையும்.

"அவருக்கு நிஜமாவே வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஏன்டி," என்றாள் கிறிஸ்தெல், "மறுபடி போய்ப் பாக்கப் போறியா?"

இல்லை என்றேன். என்னை நம்பியதாகத் தெரியவில்லை.